கோளாறு என்ற சொல்

எண்பத்திரண்டு பேரில் எழுபத்தொன்பது பேர் ‘இல்லை’ என்று சொல்லியிருந்தார்கள். படிவங்களைப் புரட்டிப் பார்த்த பேராசிரியர் ராமானுஜம் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“எந்த ஊர்ல கேட்டாலும் நாலு பேர்ல ஒருத்தருக்காவது வயித்துத் தொந்தரவு இருக்கு. உன் மயிலாப்பூர்ல மட்டும் யாருக்குமே கிடையாதா? உண்மையைச் சொல்லு ஜலஜா. இதெல்லாம் ஹாஸ்டல் ரூம்ல உக்காந்து நிரப்பினதுதானே?”

சமூக மருத்துவத்தில் மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்த ஜலஜாவுக்குக் காது மடல்கள் சுட்டன. ஆய்வேட்டில் அவர் கையெழுத்திடாவிட்டால், தொண்ணூற்றாறு ஏப்ரலில் அவள் தேர்வு எழுத முடியாது.

படிவத்தின் முதல் கேள்வி இது: ‘கடந்த மூன்று மாதங்களில் தங்களுக்குச் செரிமானக் கோளாறு ஏதேனும் ஏற்பட்டதுண்டா?’ ‘இல்லை’ என்று பதில் வந்தால், மீதிப் பதினான்கு கேள்விகளையும் கேட்காமல் எழுந்துவிட வேண்டும். அச்சிட்டபடியே வாசிக்க வேண்டும்; விளக்கம் சொல்லக் கூடாது. அவளுடைய முதல் வரைவில் ‘நெஞ்செரிச்சல், ஏப்பம், உப்புசம்’ என்றே இருந்தது. அது கொச்சை என்று அடித்து, ‘கோளாறு’ என்று திருத்தியவர் ராமானுஜம்தான்.

மயிலாப்பூரில் துணிக்கடை வைத்திருந்த பொன்ராஜ், “அப்படியெல்லாம் ஒண்ணும் கிடையாதும்மா” என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த கோலி சோடாவை ஒரே மூச்சில் குடித்து, கல்லாப்பெட்டி அதிர ஏப்பம் விட்டார். அவள் ‘இல்லை’ என்ற கட்டத்தில் குறியிட வேண்டியிருந்தது.

“நீங்களே ஒரு வீட்டுக்கு வந்து கேட்டுப் பாருங்க சார்” என்றாள்.

மறுநாள் காலை, சித்திரக்குளத்தை ஒட்டிய தெருவில், அவள் முன்பே படிவம் நிரப்பிய வீட்டுக்கு இருவரும் போனார்கள். கதவைத் திறந்த பங்கஜம் மாமிக்கு மகிழ்ச்சி.

“பெரிய டாக்டரையே அழைச்சிண்டு வந்துட்டியா? உக்காருங்கோ. காபி சாப்பிடறேளா?”

ராமானுஜம் கேள்வியைத் தாமே வாசித்தார், எழுத்துப் பிசகாமல்.

“கோளாறா?” மாமி சிரித்தாள். “கோளாறு ரேடியோவுக்குன்னா வரும்! நேக்கு ஒண்ணும் இல்லை.”

ஜலஜாவுக்குப் பொறுமை தீர்ந்தது. “நெஞ்செரிச்சல் உண்டா மாமி?”

“அது இல்லாம இருக்குமோ? வத்தக்குழம்பு சாப்ட்டா எரியும். சாயங்காலமானா வயிறு கும்முனு உப்பிக்கும். மோர்ல பெருங்காயத்தைக் கரைச்சுக் குடிச்சுடுவேன்.”

“புளிச்ச ஏப்பத்தை விட்டுட்டியே!” கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமியின் கணவர் குரல் கொடுத்தார்.

“நீங்க சும்மா இருங்கோ. ஊர்ல எல்லாருக்கும் இருக்கறதைப் போய் யாராவது வியாதின்னு எழுதிப்பாளா?”

ராமானுஜம் வாசலுக்கு வந்தார். ஜலஜா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு பின்னால் வந்தாள்.

“கேட்டீங்களா சார்? எல்லாருக்கும் இருக்கு. அதனாலதான் யாருக்கும் இல்லைன்னு வருது.”

“உன்னைச் சந்தேகப்பட்டது தப்புதாம்மா. நீ நேர்மையாத்தான் கேட்டிருக்கே.” அவர் குரல் திடீரென்று உற்சாகம் கொண்டது. “அப்போ கணக்கு நிஜம். யோசிச்சுப் பாரு, ரசம், மோர், பெருங்காயம்! நம்ம சாப்பாடு வயித்தைக் காப்பாத்துதுன்னு எழுதலாம். மாநாட்டுல வாசிக்கலாம்.”

“இப்பதானே உங்க காதாலயே கேட்டீங்க!”

“கேட்டேன். ஆனா, படிவத்துல இருக்கற கேள்விக்கு அந்தம்மா சொன்ன பதில் ‘இல்லை’. கேள்வியை மாத்தினா இந்த எண்பத்திரண்டும் குப்பை. முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். ஏப்ரல் போச்சு, அக்டோபர்தான்.” சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். “கையெழுத்துப் போட்டுடட்டுமா?”

மூன்று மாத வெயில் அவள் செருப்பைத் தேய்த்திருந்தது. அந்தக் கையெழுத்து எவ்வளவு எளிது என்பது அவளுக்குத் தெரிந்தது. அதன்கீழ் அச்சாகப்போகும் பொய்யை அவள் பெயரில்தான் எல்லோரும் படிப்பார்கள் என்பதும் தெரிந்தது. அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

“வேண்டாம் சார்.”

அவர் பேனாவை மூடும்வரை அவள் நிற்கவில்லை. உள்ளே திரும்பிப் போய், நிரப்பிய படிவம் ஒன்றைக் கவிழ்த்து, வெள்ளையாக இருந்த பின்பக்கத்தில் ‘1’ என்று எழுதினாள்.

“மாமி, இந்த நெஞ்செரிச்சல் எத்தனை நாளா இருக்கு?”

பங்கஜம் சற்றே யோசித்தாள். பிறகு கூடத்தைப் பார்த்துக் கேட்டாள்:

“ஏன்னா, நமக்குக் கல்யாணமாகி எத்தனை வருஷம் ஆச்சு?”