என்னைவிட மூத்த பெயர்

...பெண் குழந்தைக்குப் பெயர் வைக்கிறார்களா, பெயருக்கு ஒரு பெண் குழந்தையை வைக்கிறார்களா, இந்தப் பிறப்புப் பதிவு அலுவலகத்தின் இரும்பு நாற்காலிகளுக்கு நடுவே எழுந்து நின்று கேட்க வேண்டும், ஆனால் மடியில் மகள் உறங்குகிறாள், இடப்பக்கம் கணவர், வலப்பக்கம் மாமியார், இருவர் முழங்கைகளும் என் விலாவில் முட்டுகின்றன, எப்படி எழுவது? முன்னால் ஒரே ஒரு குடும்பம்தான். அவர்கள் நகர்ந்ததும் மாமியார் சொல்லிவிடுவார், பதினேழு வயதில் காய்ச்சலில் போன தம் மகளின் பெயரை. அந்த நாத்தனாரை நான் புகைப்படத்தில் மட்டுமே அறிவேன். அந்தப் படத்துக்குக் கீழேதான் தொட்டிலைப் போட்டிருக்கிறார்கள். நேற்று குழந்தையைக் குளிப்பாட்டும்போது, "வந்துட்டியாடி, இத்தனை நாளா எங்கடி போயிருந்தே" என்றார் மாமியார். வெந்நீர் விளாவிக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. அந்தத் துக்கத்தின் முன் தலை வணங்குகிறேன், ஆனால் அதைச் சுமக்க மூன்று கிலோ எடையுள்ள ஓர் உயிர்தானா கிடைத்தது? கணவரிடம் வேறு பெயர் சொல்லிப் பார்த்தேன். "அம்மா தாங்க மாட்டாங்கம்மா. வீட்டுக்குள்ள நீ உன் இஷ்டத்துக்குக் கூப்பிட்டுக்கோ" என்றார். சன்னலைத் திறந்து வைத்துவிட்டு, கதவைப் பூட்டும் கருணை!

கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் எழுத்தர் அம்மாள் பேச்சுக்காரர், பெயரைக் கேட்டால் பிறந்த காலத்தைச் சொல்லிவிடுவாராம். முன்னால் நிற்கும் குடும்பத்தின் மூதாட்டியிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார், "பெரியம்மா பேரு பங்கஜமா? அப்ப எங்க பாத்தாலும் பங்கஜம், மரகதம்தான். அப்புறம் நிர்மலா, விஜயா. அடுத்து ஒரு காலம், உஷான்னு கூப்பிட்டா பஸ்ல பாதிப் பேர் திரும்புவாங்க. பிறகு ரம்யா, திவ்யா. இப்ப வைக்கிற பேரெல்லாம் பெத்தவங்களுக்கே ரெண்டு தடவை கேட்டாத்தான் ஞாபகம் வருது." முன்னால் நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். பத்தாண்டுக்கு ஒருமுறை பெயர் மாறியது, சரி, சூட்டும் கை மாறியதா? ரம்யாக்களும் திவ்யாக்களும் நிறைந்த வகுப்பில் என் பெயரை அழைத்ததும் ஒரு சிரிப்பு எழும், ஏனெனில் அது செத்துப்போன என் அத்தையின் பெயர், என்னைவிட மூத்த பெயர். பரிசு வாங்கினால் வீட்டில், "அவளும் இப்படித்தான்." தோற்றால், "அவளா இருந்தா..." ஆசையாக அதைச் சூட்டிய அப்பாவோ ஒரு நாளும் அதைச் சொல்லி என்னை அழைத்ததில்லை, நாக்கு எழவில்லை அவருக்கு, கல்யாணம் வரைக்கும் வெறும் "பாப்பா"தான்... அப்படியானால் அந்த வீட்டில் வளர்ந்தது யார்?

எங்கள் முறை. எழுந்து போய்க் கண்ணாடிக்கு முன்னால் நின்றோம், அதே வரிசையில், அதே முழங்கைகளோடு. "அம்மா பேரு?" சொன்னேன். எழுத்தர் நிமிர்ந்து என்னை உற்றுப் பார்த்தார். "இந்தப் பேருக்கு அம்பது வயசு தாண்டியிருக்கணுமே. யாரோட பேரும்மா இது?" முப்பது ஆண்டுகளில் எவரும் கேட்காத கேள்வி. "எங்க அத்தையோடது. சின்ன வயசுலயே செத்துட்டாங்க," என்றேன். விலாவை முட்டிய வலப்பக்க முழங்கை மெல்ல விலகியது. "குழந்தைக்கு?" என்றார் எழுத்தர். மாமியாரின் உதடுகள் பிரிந்தன, மூடின. பிறகு, என்னைப் பார்க்காமலே, "நீயே சொல்லும்மா" என்றார்.

கதவு திறந்துவிட்டது. பெயர் நாக்கின் நுனியில் நிற்கிறது, கர்ப்பம் முழுவதும் வயிற்றைத் தடவித் தடவி அழைத்த பெயர், இல்லை, அதற்கும் முன்னால்... பத்து வயதில், தாழிட்ட குளியலறையில், கண்ணாடியைப் பார்த்து நான் எனக்கே வைத்துக்கொண்ட பெயர் அல்லவா இது? அந்தச் சிறுமி இன்னமும் அங்கேயே நின்றுகொண்டு, யாராவது கூப்பிடுவார்கள் என்று காத்திருக்கிறாளா? அவளைச் சுமக்கவும் இந்த மூன்று கிலோ உயிர்தானா? "சொல்லுங்கம்மா, பின்னாடி ஆளு நிக்குது." மகள் விழித்துக்கொண்டாள். இன்னும் எந்தப் பெயருக்கும் திரும்பிப் பார்த்திராத கண்கள்...