தேர் திரும்பும் முனை

கருக்காத்தூர் மாதா கோயில் தேர் ஊரின் நான்கு தெருக்களையும் சுற்றிவிட்டு, காலனி முனைக்கு வந்ததும் திரும்பிவிடும். ஞானம்மாள் கல்யாணமாகிக் காலனிக்கு வந்த வருடத்திலிருந்தே அப்படித்தான். காலனிக்காரர்கள் முனையில் மெழுகுவத்தியோடு நிற்பார்கள். மாதாவின் முதுகைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

கேட்டால் ஏதாவது ஒரு காரணம் வரும். முதலில், மண் தெரு, சக்கரம் புதையும் என்றார்கள். காலனிக்காரர்கள் அலைந்து திரிந்து சிமெண்ட் ரோடு போட வைத்தார்கள். பிறகு கரண்டு கம்பி தாழ்வாக இருக்கிறது என்றார்கள். ஞானம்மாளின் புருஷன் முத்துசாமி லைன்மேனைக் கையோடு கூட்டிவந்து கம்பியை உயர்த்தினான். அந்த வருடம் நேரமாகிவிட்டது என்றார்கள்.

"சாதிதான் காரணம்" என்று ஞானம்மாள் சொன்னால் ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள். "மாதா கோயில்ல ஏது சாதி? ஒனக்குப் புத்தி கோணல்." முத்துசாமியும் சும்மா கிட என்பான். பக்கத்து வீட்டு வசந்தாகூட, "நீயா எதையாவது நெனச்சிக்காத" என்பாள். இத்தனை பேர் சொல்லச் சொல்ல, தன் மனசில்தான் ஏதோ அழுக்கு இருக்கிறதோ என்று ஞானம்மாளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. பாவசங்கீர்த்தனத்தில் அதையும் ஒரு பாவமாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டிருக்கிறாள்.

இரண்டாயிரத்து மூன்றாம் வருடத் திருவிழாவுக்கு முன்னால் புதுப் பங்குச் சாமியாரைப் போய்ப் பார்த்தாள். ஃபாதர் ஆல்வின் இளவயசுக்காரர், தெற்கத்திப் பக்கம்.

"மாதா எல்லா இடத்திலயும் இருக்காங்கம்மா. தேர் வந்தாத்தான் வந்ததா அர்த்தமா?"

"அப்போ அவங்க தெருவுக்கு மட்டும் எதுக்கு சாமி இஸ்துகினு போறீங்க? அங்க மாதா இல்லியா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பேசிப் பார்க்கிறேன் என்றார்.

திருவிழா அன்று விளக்கு வைக்கும் நேரத்தில் தேர் முனைக்கு வந்தது. விழாக் கமிட்டித் தலைவர் சவுரிநாதன் கையைச் சுழற்றித் திருப்பச் சொன்னார். ஞானம்மாள் நேராகப் போய்ச் சக்கரத்துக்கு முன்னால் நின்றாள்.

"வழிய வுடு ஞானம்மா. நேரமாயிடிச்சி."

"தேர உள்ள வுடச் சொல்லி நா கேக்கல. ஏன் வராதுன்னு மட்டும் சொல்லு. ரோடு கீது. கம்பி ஒசரமா கீது. வேற இன்னா?"

"அதான் சொல்றேனே, நேரம்…"

"நேரம் இல்ல. நெசத்த சொல்லு, போய்டறேன்."

ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். வடம் பிடித்தவர்கள் முணுமுணுத்தார்கள். சவுரிநாதனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"சேரிக்குள்ள பூந்துட்டு வந்த தேர எங்க வூட்டு வாசல்ல எப்படி நிறுத்தறது? தெரிஞ்சிகினே கேக்கறியாடி?"

ஞானம்மாள் ஃபாதர் பக்கம் திரும்பினாள். "கேட்டுதா சாமி?"

அவர் பாட்டைத் தொடங்கிவைத்தார். எல்லோரும் பாடினார்கள். ஞானம்மாள் ஒதுங்கிக்கொண்டாள். தேர் திரும்பிப் போயிற்று.

ஜெயித்த சந்தோஷம் எதுவும் அவளுக்கு இல்லை. செய்யாத பாவத்துக்கு எத்தனை முறை முழங்கால் போட்டிருக்கிறாள்!

"என் புத்தி கோணல் இல்ல" என்றாள், யாரையும் பார்க்காமல். "நா சரியாத்தான் பாத்துகினு இருந்தேன்."

வசந்தா அவள் கையைப் பிடித்தாள். "எனக்கும் தெரியும் ஞானம்மா. எம் பொண்ணு மொதமொதல்ல அப்பம் வாங்கற புதுநன்மைப் பூசையில, அவள வரிசைக்குக் கடைசில நிறுத்தினாங்க. எடமில்லன்னாங்க. முன்னால எவ்ளோ எடம் கெடந்துது! நாந்தான் வாயத் தொறக்கல." சொல்லும்போதே அழுதுவிட்டாள். இன்னொருத்தி தன் மாமனாரைக் கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் புதைக்கும்படி ஊர்க்காரர்கள் சொன்னதைச் சொன்னாள். தெரு முனையிலேயே நின்று பெண்கள் ஒவ்வொருத்தியாகப் பேசினார்கள். நீயா நெனச்சிக்காத என்று அன்றைக்கு யாரும் யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த வருடம் கலவரம் வரும் என்று தேருக்கே போலீஸ் அனுமதி கிடைக்கவில்லை. ஞானம்மாளால்தான் மாதாவுக்குத் தேர் இல்லாமல் போயிற்று என்று ஊர் பேசியது. முத்துசாமியைக் கொத்து வேலைக்குக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். அவன் விடியற்காலை பஸ் பிடித்துச் சிறுசேரியில் கட்டட வேலைக்குப் போனான். ஃபாதர் ஆல்வினுக்கு மாற்றல் வந்தது. அவர் சொல்லிக்கொள்ளாமலே போனார்.

ஞானம்மாள் ஞாயிறு பூசையை விடவில்லை. காலனிக்காரர்கள் உட்காராத முன் வரிசை பெஞ்சில் உட்கார்ந்தாள். அங்கிருந்த ஊர்ப் பெண்கள் எழுந்து பின்னால் போனார்கள்.

"இதுக்கு எதுக்கும்மா அங்க போற?" என்றாள் மகள் ஜெனிஃபர்.

"அவங்க எழுந்து போறாங்கன்னு நானும் எழுந்துக்கணுமா?"

ஒரு ஞாயிறு வசந்தா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அடுத்த ஞாயிறு பின்னாலேயே நின்றுகொண்டாள். அவள் புருஷனுக்கு ஊரில் வேலை வேண்டியிருந்தது. ஞானம்மாள் அதைப்பற்றி ஒன்றும் கேட்கவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, அந்த நீள பெஞ்சில் தனியாக உட்கார்ந்து சத்தமாகப் பாடினாள்.