பதினோராவது குழியில் ஐந்து

பல் டாக்டருக்கு கோல்ஃப் கிளப்பில் கணக்கு டாக்டர் என்று பெயர். முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவரும் கோபித்துக்கொண்டதில்லை, கோபித்துக்கொள்ள நேரம் இருந்தால்தானே. ஒவ்வொரு குழி முடிந்ததும் பின்பாக்கெட்டிலிருந்து ஒரு குட்டி நோட்டை எடுப்பார். எத்தனை அடி, எந்த மட்டை, பந்து எந்தப் பக்கம் விலகியது, குழிக்குப் பக்கத்தில் வந்தபின் எத்தனை முறை உருட்டினார் என்று எல்லாவற்றையும் எழுதிவிட்டுத்தான் நகருவார். பின்னால் வருகிறவர்கள் நின்று நின்று கொட்டாவி விடுவார்கள்.

சும்மா சொல்லக் கூடாது, அந்த நோட்டுதான் அவரை ஆளாக்கியது. முப்பத்தெட்டு வயதில் மட்டையைத் தொட்டவர், பத்தே வருடத்தில் பதினெட்டுக் குழியையும் எழுபத்தைந்து எழுபத்தாறு அடியில் முடிக்கிற அளவுக்கு வந்துவிட்டார். கிளப்பில் பாதிப் பேர் தொண்ணூறுக்குள் முடித்தாலே ஒரு வாரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிகிறவர்கள். ஆனால் வந்தவர் அங்கேயே நின்றுவிட்டார். ஐந்து வருடமாக எழுபத்தைந்துக்குக் கீழே இறங்கவில்லை. மணலிலிருந்து அடித்துப் பழகினார். காற்றடிக்கும் நாளாகப் பார்த்துப் பழகினார். கிளினிக்கில் சாப்பாட்டு நேரத்தில், நோயாளி நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு டம்ளரைச் சாய்த்து வைத்து அதற்குள் பந்தை உருட்டினார். வாய் கொப்பளிக்கிற டம்ளர்தான். ஒன்றும் நடக்கவில்லை.

அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. வருடத்துக்கு ஒருமுறை கிளப்பிலிருந்து நாலு பேர் வெளியூர் கிளப்புகளோடு மோதப் போவார்கள். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை தேர்வு ஆட்டம். குறைந்த அடியில் முடிக்கிற நாலு பேருக்கு இடம். இரண்டு பேர் சமமாக வந்தால், ஏற்கெனவே அணியில் இருக்கிறவருக்கே இடம் என்பது கிளப்பின் பழைய வழக்கம். டாக்டர் மூன்று முறை ஐந்தாவதாக வந்திருக்கிறார், இரண்டு முறை ஆறாவதாக. வயது ஐம்பத்து மூன்று ஆகிவிட்டது. குனிந்து பல் பார்த்துப் பார்த்து முதுகும் மக்கர் பண்ண ஆரம்பித்திருந்தது. இந்த வருடம் இல்லையென்றால் இல்லை என்று அவருக்கே தெரியும்.

அதனால் வீம்பை மூட்டை கட்டி வைத்துவிட்டு கிளப்பில் ஆட்டம் சொல்லிக்கொடுக்கிற கோச்சம்மாவிடம் போனார். ஒரு காலத்தில் தொழில்முறையாக ஆடிய பெண்மணி; வாயைத் திறந்தால் பூசி மெழுகத் தெரியாது. அரை மணி நேரம் டாக்டர் ஆடுவதைப் பார்த்தார்.

"கையில ஒரு குறையும் இல்ல, டாக்டர். உதட்டைத்தான் கட்டணும். ஒவ்வொரு அடிக்கும் முன்னாடி முணுமுணுக்கிறீங்க, தெரியுமா?"

"எண்ணிக்கிட்டிருப்பேன்."

"அதான். இன்னும் எத்தனை அடி மிச்சம்னு எண்ணிக்கிட்டே அடிச்சா கை எப்படிங்க ஓடும்? நோட்டை வீட்டுல வையுங்க. யாரும் உங்க காதுல நம்பர் சொல்லக் கூடாது. ஒரு குழி முடிஞ்சா, அது முடிஞ்சது. மறந்துடுங்க."

மறப்பது அவ்வளவு சுலபமா? இரண்டு மாதம் படாத பாடு பட்டார். நோட்டு இல்லாத பாக்கெட்டைக் கை தானாகத் தடவும். குழிக்குக் குழி ஒரு பாட்டை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். அந்தப் பாட்டின் வரிகளை எண்ண ஆரம்பித்தார். மனைவி சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனாள். ஆனால் மூன்றாவது மாதத்தில் ஏதோ ஒன்று இளகியது. ஆட்டம் முடிந்து காருக்கு வரும்போது, எத்தனை அடித்தோம் என்று நிஜமாகவே தெரியாமல் நின்ற முதல் நாள், அவருக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

தேர்வு ஆட்டத்தில் இரண்டிரண்டு பேராகப் போக வேண்டும். ஒருவருடைய அடிக்கணக்குக் கார்டை இன்னொருவர் எழுத வேண்டும். குலுக்கலில் டாக்டருக்கு ஜோடியாக வந்தது அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி. லிஃப்ட் மெக்கானிக். நூற்றுப் பத்து அடித்துவிட்டு ஆனந்தமாக வீட்டுக்குப் போகிற பிறவி. புறப்படும்போதே டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "நீ பாட்டுக்கு எழுது. எங்கிட்ட ஒரு நம்பரும் சொல்லாத."

"சரி அத்தான். வாயைத் திறந்தா கேளுங்க."

பாவம், சொன்ன சொல்லைக் காப்பாற்றினான்.

அன்று டாக்டர் ஆடினார் என்று சொல்வதைவிட, ஆட்டம் அவரைக் கூட்டிக்கொண்டு போனது என்று சொல்லலாம். நின்றார், அடித்தார், நடந்தார். பதினெட்டாவது குழியில் பந்து விழுந்தபோது, அவ்வளவுதானா, இன்னும் நாலு குழி இருக்கக் கூடாதா என்று ஏக்கமாக இருந்தது. நேராகக் கார்டு கொடுக்கிற மேஜைக்குப் போனார்கள். அங்கே கிளப் செயலாளர், ரிட்டயரான ஸ்டேஷன் மாஸ்டர், கண்ணாடியை மூக்கு நுனியில் நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மச்சினன் நீட்டிய கார்டை டாக்டர் ஒரு பார்வை பார்த்தார். பதினெட்டு எண்கள். நான்கு, நான்கு, மூன்று, ஐந்து. சரியாகத்தான் இருக்கும் என்று பட்டது. சரியில்லை என்று சொல்ல அவர் மண்டைக்குள் எதிர்க் கணக்கு ஒன்றும் இல்லையே. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

கேன்டீனில் டீ வந்தது. மச்சினன் அதுவரை அடக்கி வைத்ததையெல்லாம் கொட்டினான்.

"பதினொண்ணுலதான் அத்தான் அசந்துட்டேன். புல்லுக்குள்ள ஒரு வீச்சு பந்துல படாமயே போச்சே, வேற ஆளா இருந்தா அங்கயே உடைஞ்சிருப்பான். நீங்க அடுத்த அடியிலயே குழி ஓரம் கொண்டுவந்துட்டீங்க."

டாக்டர் டம்ளரை வைத்தார். "படாம போச்சா?"

"ஆமா. நான் மரத்துக்கு நடுவுல என் பந்தைத் தேடிக்கிட்டிருந்தேன். அங்கிருந்து பார்த்தேனே."

"அது ஒத்திகை. பந்துக்குப் பக்கத்துல சும்மா வீசிப் பார்த்தேன். அது கணக்குல வராதே."

மச்சினன் எழுந்தே நின்றுவிட்டான். "படாத வீச்சும் ஒரு அடிதானேன்னு அஞ்சுன்னு போட்டுட்டேன், அத்தான்."

நாலு. இரண்டாவது அடியில் புல், மூன்றாவதில் குழி ஓரம், நாலாவதில் உள்ளே. அந்தக் குழி மட்டும் இப்போது கண்ணாடி போட்ட மாதிரித் தெளிவாக வந்து நின்றது.

இரண்டு பேரும் ஓடினார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். மச்சினன் கிட்டத்தட்ட அழுதுகொண்டே சொன்னான், தப்பு என்மேல்தான் என்று.

"தப்பு யார் மேலன்னு கார்டு கேக்காது, தம்பி," என்றார். "ஆடினவர் பார்த்துக் கையெழுத்துப் போட்டுட்டா முடிஞ்சது. குறைச்சு எழுதியிருந்தா ஆட்டத்தை விட்டே எடுத்திருப்பேன். கூட எழுதியிருந்தா அந்தக் கூடுதல் அப்படியே நிக்கும். விதி அதுதான் டாக்டர். எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு."

அவருக்கு நிஜமாகவே கஷ்டமாகத்தான் இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மாலை பட்டியல் ஒட்டினார்கள். நாலாவது இடத்தில், போன வருட அணியில் இருந்த டிரைவிங் ஸ்கூல்காரர், எழுபத்து மூன்று. டாக்டரும் எழுபத்து மூன்று. சமம். சமம் என்றால் என்னவென்று யாரும் அவருக்குச் சொல்லத் தேவையில்லை. நிஜத்தில் அடித்தது எழுபத்திரண்டு. வாழ்நாளில் முதல் முறையாக எழுபத்தைந்துக்குக் கீழே. யார்மேல் கோபப்படுவது? கோச்சம்மா சொன்னது சரி. மச்சினன் பார்த்ததை எழுதினான். ஸ்டேஷன் மாஸ்டர் விதியைச் சொன்னார். பிடித்து உலுக்க ஒரு சட்டைக் காலர்கூடக் கிடைக்கவில்லை.

மச்சினனை அவன் வீட்டு வாசலில் காரிலிருந்து இறக்கிவிடும்போது, "எனக்கு ரெண்டு அடி போட்டுட்டாவது போங்க அத்தான்," என்றான்.

"போடா, போய்ச் சாப்பிடு," என்றார் டாக்டர்.

வீட்டில் மனைவி தட்டு வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். தம்பியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று மட்டும் சொன்னார். அவள் அவர் தோளில் கையை வைத்தாள்.

"அணி போனாப் போகுது," என்றாள். "எழுபத்திரண்டு அடிச்சிருக்கீங்க. பதினஞ்சு வருஷமா இதுக்குத்தானே கிடந்தீங்க? எப்படி அடிச்சீங்கன்னு எனக்கு ஒவ்வொரு குழியா சொல்லுங்க. முதல் குழியில இருந்து."

டாக்டர் சொல்ல ஆரம்பித்தார். முதல் குழி. கண்ணை மூடிப் பார்த்தார். இரண்டாவது. காலையில் வெயில் நன்றாக இருந்தது என்பது நினைவிருந்தது. சோற்றைப் பிசைந்தபடி நெடுநேரம் யோசித்தார். அவள் காத்துக்கொண்டிருந்தாள்.

"பதினொண்ணுதான் ஞாபகம் இருக்கு," என்றார்.