கியர்தான் இழுக்கிறதாம்

சந்தானகிருஷ்ணன் மாமா சொன்னதைத் தெருவே நம்பியது. திருவையாற்றுச் சாலையில் காயப்போட்டிருந்த நெல்லுக்குள் கார் பாய்ந்ததற்குக் காரணம் ஆட்டோமேட்டிக் கியர்தானாம். பிரேக் போட்டாலும் அதுவாகவே இழுக்கிறதாம். நல்லவேளை, நெல் கிளறிக்கொண்டிருந்த பெண் சாப்பிடப் போயிருந்தாள்.

அபயாம்பாள் மாமிக்குத் தஞ்சாவூரில் வாராவாரம் டயாலிசிஸ். டிரைவர் வைத்துக்கொள்ளச் சொல்லி பிள்ளை வசிஷ்ட் பெங்களூரிலிருந்து கெஞ்சினால், "உங்கம்மாவை ஊரான் கையில ஒப்படைப்பேனாடா?" என்று மாமா போனை வைத்துவிடுவார். பணி ஓய்வுக்குப் பிறகு அவர் சொல்படி கேட்பது அந்தக் கார் ஒன்றுதான்.

ஜாஃபர் சாதிக்கின் கார் பட்டறைக்கு மாமாவும் மாமியும் கிளம்பியபோது, பக்கத்து வீட்டிலிருந்து நானும் ஏறிக்கொண்டேன். அந்தப் பக்கம் எனக்கு ஏதோ வேலை இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

ஜாஃபர் ஸ்கேனரைச் சொருகினார். ஒரு கோளாறும் காட்டவில்லை. கியர் ஆயிலை முகர்ந்தார். கருகல் வாடை இல்லை. தானே ஓட்டிப் பார்த்தார். வண்டி சமர்த்தாகப் போனது.

"இப்ப நீங்க ஓட்டுங்க சார்" என்று பக்கத்தில் உட்கார்ந்தார்.

நிறுத்தும் இடத்தில் வண்டி உறுமிக்கொண்டு முன்னே தாவியது. ஜாஃபர் ஹேண்ட்பிரேக்கை இழுத்துப் பிடித்தார்.

"பாத்தேளா! இதைத்தான் சொன்னேன்!" மாமா ஜெயித்தவர் மாதிரி இறங்கினார். வலதுகால் செருப்பு பெடலுக்கு அடியிலேயே கிடந்தது. வெறுங்காலோடு, உச்சி வெயிலில் கிடந்த தகரத்தின்மேல் நின்று அவர் கியரைத் திட்டிக்கொண்டிருந்தார். சுடவே இல்லை போலிருக்கிறது.

அவர் கை கழுவப் போனதும் ஜாஃபர் மாமியிடம் குரலைத் தாழ்த்தினார். "சாருக்குச் சுகர் இருக்காம்மா? பிரேக்கோட சேத்து ஆக்ஸிலேட்டரையும் மிதிக்கிறாரு. கால் எதுல இருக்குன்னே அவருக்குத் தெரியல. வண்டி நல்லாத்தான் இருக்கு."

மாமி குழாயடிப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார். "கியர் போயிடுத்துன்னே சொல்லுங்கோ. சாமான் வர மாசக்கணக்காகும்னு சொல்லுங்கோ. நான் பஸ்ல போய்க்கறேன்."

"பொய் சொல்லச் சொல்றீங்களேம்மா."

"பின்னே, கால் போயிடுத்துன்னு நீங்க சொல்றேளா?"

மாமா திரும்பி வந்ததும் ஜாஃபர் கியரையே சொன்னார்.

"நான் அப்பவே சொன்னேனோல்லியோ!" மாமா என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, உங்காத்து வண்டி சும்மாதானே நிக்கறது? நாளைக்கு மாமிக்கு டயாலிசிஸ். சாவியைக் குடு."

மாமி என் மணிக்கட்டை இறுகப் பிடித்தார்.

"அதுவும் ரிப்பேர் மாமா" என்றேன்.

"போறது, எதிராத்து மாளவிகா வண்டி இருக்கே" என்று மாமா போனில் நம்பரைத் தேட ஆரம்பித்தார்.

எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு கார் நிற்கிறது.