கேட்காமல் வாங்கிய சைக்கிள்

மிசூலா என்ற ஊரில் தூரப் பயணத்துக்குச் சைக்கிள் வாங்க நினைக்கிறவர்கள் கடைக்குப் போவதற்கு முன் ஆரின் லிண்ட்வெட்டைப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். ஆரின் தபால்காரர். இருபத்தாறு வருடமாக ஒரே தெருக்களில் கடிதம் போடுகிறார். விடுமுறை கிடைத்தபோதெல்லாம் ஹால்வர்சன் கம்பெனியின் பச்சை நிற இரும்புச் சைக்கிளில் ஊர் ஊராகப் போய் வந்தவர். ஆரிகன் கடற்கரைக்கு இரண்டு முறை, வர்ஜீனியா வரைக்கும் ஒரு முறை. அதனால் தெருவில் நடக்கும்போதே வேலிக்கு மேலிருந்து கேள்வி வரும்.

"ஆரின், என் பொண்ணு கனடா வரைக்கும் போகணும்கறா. எந்தக் கம்பெனி வாங்கலாம்?"

ஆரின் பையைத் தோளிலிருந்து இறக்கி வைத்துவிட்டுப் பதில் சொல்வார். அலுமினியம் வேண்டாம், இரும்புதான் வேண்டும், மலையேற இந்தப் பல்சக்கரம், பின்னால் பெட்டி கட்டும் கம்பி இப்படி இருக்க வேண்டும் என்றெல்லாம் விளக்கிவிட்டுக் கடைசியில் எப்படியும் ஹால்வர்சனில் வந்து நிற்பார். அவர் பேச்சைக் கேட்டு அந்த ஊரில் ஹால்வர்சன் வாங்கியவர்கள் முப்பது பேராவது இருப்பார்கள்.

அவர்களில் முதல் ஆள் லைல் பென்ரோஸ். பள்ளியில் இசை ஆசிரியர், இரண்டு வீடு தள்ளிக் குடியிருப்பவர். பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஊரைவிட்டுப் போன ஒருவர் விற்ற ஹால்வர்சனை ஆரினே பேரம் பேசி வாங்கிக் கொடுத்தார். அன்றிலிருந்து சனிக்கிழமை என்றால் இருவரும் சேர்ந்துதான் கிளம்புவார்கள். முன்னால் ஆரின், பின்னால் லைல்.

ஜனவரியில் லைல் ஒரு செய்தி சொன்னார். ஜூனில் வேலையிலிருந்து ஓய்வு. ஆகஸ்டில் கனடா எல்லையிலிருந்து மெக்சிகோ எல்லை வரை, மலைத்தொடரை ஒட்டியே போகும் சரளைக்கல் பரப்பிய கப்பிப் பாதையில் இரண்டாயிரத்து எழுநூறு மைல்.

"அதுக்குப் பழைய வண்டி தாங்காது. புதுசு வாங்கணும்," என்றார் லைல்.

அன்று ஆரினுக்கு மனசு நிறைந்துபோயிற்று. தானும் கூடப் போவது என்று அப்போதே முடிவு செய்துவிட்டார். ஆறு கம்பெனிகளின் விவரங்களைத் தேடிப் படித்து, நான்கு பக்கத்துக்குக் குறிப்பு எழுதினார். எடை, டயரின் அகலம், வழியில் உதிரிபாகம் எங்கே கிடைக்கும் என்று எதையும் விடவில்லை. கடைசி வரியில் ஹால்வர்சனின் அகல டயர் வண்டியை எழுதி அதன் கீழே இரண்டு கோடு போட்டார். பனி கரைந்ததும் கொடுக்கலாம் என்று வைத்திருந்தார்.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை, அந்தத் தாள்களைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். லைல் வந்தார். செம்மண் நிறத்தில், மூன்று விரல் அகல டயர்களோடு ஒரு புதுச் சைக்கிளில். ஃப்ரேமில் 'ஸ்டாக்கெட்' என்று எழுதியிருந்தது.

"எப்ப வாங்கின?" என்று கேட்டார் ஆரின்.

"வியாழக்கிழமை. இந்த சைஸ்ல ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு, அடுத்தது ஜூலையிலதான் வரும்னு மோட் சொன்னா. யோசிக்க நேரமில்ல."

"மோட் யாரு?"

"தெரியாதா உனக்கு? ஆத்துக்கு அந்தப் பக்கம் ரிப்பேர் கடை போட்டிருக்காளே, கியூபெக் பொண்ணு. அலாஸ்காவிலேருந்து அர்ஜென்டினா வரைக்கும் ஓட்டிட்டு வந்தவ. ரெண்டரை வருஷம்."

ஆரின் குனிந்து டயரை அழுத்திப் பார்த்தார். வெல்டிங்கைப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை.

"கலர் ஒரு மாதிரியா இருக்கு," என்றார்.

தாள்கள் பையிலேயே இருந்தன.

அன்றிலிருந்து எங்கே போனாலும் அந்தப் பெயர்தான் காதில் விழுந்தது. ஆரின் ஹால்வர்சன் வாங்க வைத்த பல் டாக்டர் மகன், மோட் சொன்னாள் என்று ஹேண்டில்பாரை மாற்றியிருந்தான். கனடா போகவிருந்த பெண்ணுக்கு மோடே வண்டி தேர்ந்து கொடுத்துவிட்டாளாம். வேலிக்கு மேலிருந்து இப்போது வந்தது கேள்வி இல்லை, செய்தி. ஆரின் கடிதத்தைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, "அப்படியா, நல்லது," என்று நகர்ந்துவிடுவார்.

ராத்திரிச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவும்போது மனைவி ஜோலீன் கேட்டாள்: "லைல் உன்னைக் கேக்கலைங்கறது கோவமா, அவளைக் கேட்டாங்கறது கோவமா?"

"கோவமே இல்ல."

"சரி. அப்ப எதுக்கு அந்தத் தட்டை மூணாவது தடவையா கழுவற?"

மே மாதம் ஒரு நாள் ஆரின் தன் பச்சைச் சைக்கிளைக் கழற்றித் துடைத்தார். இரண்டு வருடமாகத் துடைக்காதது. லைலின் புது வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தும்போது இளப்பமாகத் தெரியக்கூடாது என்ற எண்ணம்தான். பின்சக்கரத்தைத் தாங்கும் அடிக்குழாயில் துணி ஓடிய இடத்தில் மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தது. நகத்தால் சுரண்டினார். போகவில்லை. அது விரிசல் என்று அவருக்குத் தெரியும். இப்படி விரிசல் விட்ட வண்டியை ஓட்டாதே என்று எத்தனை பேருக்குச் சொன்னவர்.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். வெளியே சொன்னால் அடுத்த கேள்வி என்ன என்று தெரியும்: இனி எந்தக் கம்பெனி? அதற்கும் ஊரே ஒரே பதிலைத்தான் சொல்லும்: மோடைக் கேளு. ஆரின் கறுப்பு ஒட்டுநாடாவை எடுத்து, விரிசலின் மேல் இரண்டு சுற்றுச் சுற்றினார். செயின் உரசாமல் இருக்கச் சுற்றியது போலவே இருந்தது.

ஜூன் பிறந்ததும் லைல் வந்தார். "வண்டியைப் பழக்கணும். ஸ்கால்காஹோ கணவாய் ஏறி பிலிப்ஸ்பர்க்ல இறங்கலாம். வர்றியா? மோடும் வர்றா."

"கப்பி ரோடாச்சே."

"அதுக்குத்தானே போறது. முடியலைன்னா வேண்டாம்யா."

"யாருக்கு முடியலை?" என்றார் ஆரின்.

முதல் நாள் ஹாமில்டன் வரை தார்ப்பாதை. மோட் நாற்பதைத் தொடாத வயது, குட்டையான உருவம், அதிகம் பேசாதவள். ஆரின் அவளை வேண்டுமென்றே 'நீங்க' என்று மரியாதையாக அழைத்துத் தள்ளியே வைத்திருந்தார். முன்னால் போனது ஆரின்தான். அதில் அவருக்கு ஒரு திருப்தி இருந்தது.

மறுநாள் கணவாய்ச் சாலை தொடங்கியதும் எல்லாம் தலைகீழாயிற்று. தார் முடிந்து கப்பி வந்தது. ஆரினின் ஒல்லி டயர்கள் கற்களில் வழுக்கின. பின்னால் தொங்கிய இரண்டு பெட்டிகளும் ஆளை இடமும் வலமும் இழுத்தன. லைலும் மோடும் சோபாவில் உட்கார்ந்து போகிறவர்கள் போலப் பேசிக்கொண்டே ஏறினார்கள். முதலில் பத்தடி முன்னால். பிறகு ஒரு வளைவு முன்னால். பிறகு சத்தம் மட்டும் கேட்டது. லைல் சிரித்தார். பன்னிரண்டு வருடத்தில் ஒரு மேட்டில்கூட லைல் சிரித்து ஆரின் கேட்டதில்லை. மேடு என்றால் லைல் பேசவே மாட்டார், பல்லைக் கடித்துக்கொண்டு வருவார். அவருடைய சுபாவம் அப்படி என்றுதான் ஆரின் நினைத்திருந்தார்.

'அந்த வண்டி ஒரு ஆணி ஏறிப் பொத்தென்று உட்கார்ந்தால் என்ன?' என்று அவர் மனம் நினைத்தது. நினைத்ததை உடனே துடைக்கவும் பார்த்தார். ஆனால் அடுத்த வளைவிலும் அதே நினைப்பு வந்தது.

அருவியைத் தாண்டியதும் ஒரு செங்குத்தான ஏற்றம். இறங்கித் தள்ளியிருக்கலாம். மேலே வளைவில் இருவரும் நின்று இவருக்காகக் காத்திருப்பது தெரிந்தது. ஆரின் சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதித்தார். அப்போது காலடியில் மரக்கிளை முறிந்தது போல ஒரு சத்தம். பின்சக்கரம் கோணிக்கொண்டு குழாயில் இடித்து நின்றது. ஆரின் பக்கவாட்டில் கப்பியில் விழுந்தார். முழங்கையிலும் தொடையிலும் சிராய்த்தது, முழங்காலிலும் அடி.

லைல் வண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். "ஆரின், அசையாத. எங்க அடி?"

"ஒண்ணுமில்ல. வண்டியைப் பாரு."

மோட் ஏற்கெனவே வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நாடாவைப் பிரித்தாள். உடைந்த இடத்தில் பாதி உலோகம் பளபளவென்று இருந்தது, மீதிப் பாதி துருவேறிக் கறுத்திருந்தது. பழைய விரிசல் என்று பார்த்தவுடனே தெரிந்தது. அவள் கையிலிருந்த நாடாவையும் ஆரினையும் மாறி மாறிப் பார்த்தாள். ஆரின் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இப்போது சொல்வாள், லைலின் முன்னாலேயே சொல்வாள் என்று காத்திருந்தார்.

"பழைய இரும்பு, களைச்சுப் போச்சு," என்றாள் மோட். நாடாவைச் சுருட்டித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். "கூடார ஆணி எத்தனை இருக்கு உங்ககிட்ட?"

நான்கு ஆணிகளைக் குழாயின் இரு பக்கமும் வைத்து, தன் பையிலிருந்த, குழாய்க்கு மாட்டும் இரும்புப் பட்டைகளால் இறுக்கினாள். அரை மணி நேரத்தில் சக்கரம் சுற்றியது. ஆளை ஏற்றிச் செல்ல முடியாது, தள்ளிக்கொண்டு போகலாம். அவள் காட்டிய தயவுதான் ஆரினுக்குச் சிராய்ப்பைவிட அதிகம் எரிந்தது. கேலி செய்திருந்தால்கூடப் பொறுத்திருப்பார்.

உச்சிக்கு மூன்று மைல். மோட் முன்னால் போனாள். லைல் தன் வண்டியையும் தள்ளிக்கொண்டு ஆரினுடன் நடந்தார்.

"நீ ஏறிப் போ," என்றார் ஆரின்.

"போறேன், போறேன். என்ன அவசரம்?"

கொஞ்ச தூரம் நடந்ததும் ஆரினால் அடக்க முடியவில்லை. "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, லைல். நாலு பக்கம் எழுதி வெச்சிருந்தேன்."

லைல் தன் வண்டியை ஒரு பெரிய கல்லைச் சுற்றித் தள்ளினார். பிறகு சொன்னார்: "கேட்டா நீ ஹால்வர்சன்னு சொல்வ. நீ சொன்னா நான் வாங்கிடுவேன். அதான் கேக்கலை."

"அதுல என்ன தப்பு?"

"அந்தப் பழைய வண்டி எனக்குப் பெருசு, ஆரின். ஆரம்பத்துலேருந்தே. கை ரெண்டும் மரத்துப் போகும். ஞாயித்துக்கிழமை சர்ச்சுல ஆர்கன் வாசிக்க விரல் வராது. சனிக்கிழமை உன்கூட வர்றேன், ஞாயித்துக்கிழமை தப்பு தப்பா வாசிக்கிறேன்."

"பன்னெண்டு வருஷமா?"

"பன்னெண்டு வருஷமா."

"ஏன்யா சொல்லலை?"

"பேரம் பேசி வாங்கிக் கொடுத்தியே. அவ்வளவு சந்தோஷமா இருந்த. மோட் கடையில நுழைஞ்சதும் அவ கேட்ட முதல் கேள்வியே, எங்க வலிக்குதுங்கறதுதான். யாரும் என்னை அப்படிக் கேட்டதில்ல. எனக்குக் கண்ணே கலங்கிருச்சு, போ."

ஆரின் வண்டியைத் தள்ளிக்கொண்டே நடந்தார். கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. முப்பது பேருக்கு வண்டி சொல்லிக் கொடுத்தவர், முப்பது பேரில் ஒருவரையும் அந்தக் கேள்வி கேட்டதில்லை.

உச்சியில் லைல் நின்றார். "இறக்கம்தானே, நீ இதுல போ. நான் உன்னோடதைத் தள்ளிட்டு வர்றேன். சீட்டைக் கொஞ்சம் ஏத்திக்க."

"வேண்டாம்."

"முழங்காலைப் பாரு, வீங்கிருக்கு. ஏறுய்யா."

ஆரின் ஸ்டாக்கெட்டில் ஏறினார். நன்றாக இருக்கக்கூடாது என்றுதான் ஏறினார். முதல் வளைவில் கப்பியின் மேல் டயர்கள் வழுக்காமல் பிடித்தன. இரண்டாவது வளைவில் பிரேக்கிலிருந்து விரலை எடுத்தார். தோள்கள் தாமாகத் தளர்ந்தன. பச்சை வண்டி வாங்கிய இந்த இருபத்தொரு வருடமாகத் தன் கழுத்தில் ஒரு இறுக்கம் இருந்தது என்பதே அது போன பிறகுதான் தெரிந்தது. பைன் மரங்களுக்கிடையே பதினாறு மைல் இறங்கினார், அவ்வளவு தூரமும் வயிற்றெரிச்சலோடு இறங்கினார். இவ்வளவு நல்ல வண்டியை அவளா கண்டுபிடித்துக் கொடுத்தாள் என்று இருந்தது.

பிலிப்ஸ்பர்க்கில் மோட் உணவகத்து வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். லைலை ஒரு பிக்கப் வண்டிக்காரர் பாதி வழியில் ஏற்றிக்கொண்டுவிட்டார் என்று தொலைபேசியில் தகவல் வந்திருந்தது. ஆரின் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு அவளருகே உட்கார்ந்தார்.

"நாடாவைப் பத்தி நீங்க லைல்கிட்ட சொல்லலையே," என்றார்.

"எதுக்கு? நான் பெருவுல உடைஞ்ச முன்சக்கரக் கவையை ஒட்டிக்கிட்டு ஆறு நாள் ஓட்டினேன். யாரும் பார்க்கக்கூடாதுன்னுதான்." பிறகு கேட்டாள்: "உங்களுக்கு எங்க வலிக்குது?"

ஆரினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இப்பவா? எல்லா இடத்துலயும்."

"திங்கட்கிழமை கடைக்கு வாங்க. அளவு எடுக்கலாம்."

ஆரின் திங்கட்கிழமை போகவில்லை. அதற்கடுத்த வாரமும் போகவில்லை. மூன்றாவது வாரம் தபால் உடுப்போடு போய் நின்றார். மோட் கையையும் காலையும் அளந்தாள், கழுத்தைத் திருப்பச் சொன்னாள், ஒரு மணி நேரம் கேள்வி கேட்டாள். கடைசியில் அவள் சொன்னதும் ஸ்டாக்கெட்தான். ஆரின் ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டு, அதே அளவில், அதே அமைப்பில் வேறொரு கம்பெனி வண்டியை வரவழைக்கச் சொன்னார். விலை கொஞ்சம் கூட. மோட் எழுதிக்கொண்டாள்.

ஆகஸ்ட் பத்தாம் தேதி ஆரினும் லைலும் கனடா எல்லையிலிருந்து கிளம்பினார்கள். மோடால் கடையை விட்டு வர முடியவில்லை. முன்னால் போனது பெரும்பாலும் லைல்தான். மேடுகளில் ஏதாவது பாட்டை முனகிக்கொண்டே போவார். ஆரினுக்கு அது பழக இரண்டு வாரம் ஆயிற்று.

வயோமிங்கில் ஒரு பெட்ரோல் பங்கில் தண்ணீர் பிடிக்கும்போது, அங்கிருந்த முதியவர் ஒருவர் செம்மண் நிறச் சைக்கிளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"அருமையான வண்டி. யார் சொல்லி வாங்கினீங்க?"

"எங்க ஊர்ல மோட்னு ஒரு பொண்ணு," என்றார் லைல். "அவளுக்குத் தெரியாத வண்டி கிடையாது."

ஆரினுக்கு உள்ளே சுருக்கென்றது. வழி நெடுக இந்தப் பதிலைக் கேட்பது இது பதினொன்றாவது தடவை. முதியவர் அவர் பக்கம் திரும்பி, "உங்க வண்டி?" என்று கேட்டார்.

"இதுவும் அவ அளவெடுத்ததுதான்," என்றார் ஆரின். "கம்பெனி மட்டும் நான் பார்த்தது."

லைல் சிரித்தார். ஆரின் தண்ணீர்க் குப்பியை மூடிவிட்டு, லைல் ஏறுவதற்கு முன் தான் ஏறி மிதிக்கத் தொடங்கினார்.