கீரை ஏறாத வீடு

1

இந்தக் கதை எனக்கு வரிசையில் நிற்கும்போது கிடைத்தது. இலங்கையின் கரவனெல்ல ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு எதிரே ஒரு படம் ஒட்டியிருந்தார்கள். பெரிய தட்டு ஒன்று. அதில் பாதிக்குக் கீரையும் காய்கறியும், மீதிக்குச் சோறும் மீனும். எனக்கு முன்னால் நின்ற அம்மா அதைப் பார்த்துவிட்டு, யாரிடமும் சொல்லாத மாதிரி சொன்னார்:

"எங்க தாத்தா வீட்டுல ஒரு காலத்துல கீரையே ஏறாதாமுங்க."

ஏன் என்று கேட்பதற்குள் அவருடைய பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். மருந்தை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார். எந்தத் தோட்டம், யார் அந்தத் தாத்தா, ஒன்றும் தெரியாது. ஆகவே இனி வருவது முழுக்க நான் கட்டியது. கட்டிய வீட்டில் மனிதர்கள் குடிவந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

தொடக்கம் மட்டும் லேசில் அமையவில்லை.

"மழை விட்டும் ரப்பர் மரங்கள் சொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில்" — வேண்டாம். கரவனெல்ல இருக்கிற சப்ரகமுவ பற்றி எழுத உட்கார்ந்தால் கைக்கு முதலில் வருவது மழைதான்.

"கீரையில் உள்ள சத்துகளாவன" — இதுவும் வேண்டாம். அது சுவரில் இருக்கிறது.

"இருளாயிக்குப் பொழுது மற்றவர்களைவிடக் கொஞ்சம் முந்தியே இருட்டியது."

இதை வைத்துக்கொள்கிறேன்.

2

இருளாயிக்குப் பொழுது மற்றவர்களைவிடக் கொஞ்சம் முந்தியே இருட்டியது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில், கரவனெல்லவுக்கு மேலே ஒரு ரப்பர்த் தோட்டத்தில், புருஷன் பழனியாண்டியோடும் மூன்று வயது மகள் காத்தாயியோடும் ஒற்றை அறைகள் வரிசையாய் ஒட்டிய லயத்தின் கடைசிக் காம்பராவில் இருந்தாள். இரண்டாவது பிள்ளை வயிற்றில். காலையில் பால்வெட்டப் போனால் கத்தி பிசகாது. பட்டையில் கோடு இழுத்த மாதிரி வெட்டுவாள். பகலில் அவள் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. வெயில் சாய்ந்து மலை நிழல் லயத்தின் மேல் விழுந்ததும் எல்லாம் கரைந்துவிடும். சுவர் தெரியாது, அடுப்பு தெரியாது, பேசுகிறவர் முகம் தெரியாது.

(பெயரைப் பற்றி: கண் மங்குகிறவளுக்கு இருளாயி என்று பெயர் வைத்தது வேண்டுமென்றே செய்ததல்ல. அது அவர்கள் குலசாமியின் பெயர். மாற்றிப் பார்த்தேன். வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவள் திரும்பவில்லை.)

கண் மங்குவதை அவள் யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் சாபம் என்பார்கள். வேலைக்கு ஆகாதவள் என்று கங்காணி பேரை வெட்டினாலும் வெட்டிவிடுவார். வெளிச்சம் இருக்கும்போதே சோறாக்கி இறக்கினாள். அந்தி சாய்ந்தால் சுவரோரமாகக் குந்திக்கொண்டு மகளை மடியில் போட்டுக்கொண்டாள். மங்கலில் குழாயடியில் யாராவது கைகாட்டிக் கூப்பிட்டால் திரும்பாமல் நின்றாள். பக்கத்துக் காம்பரா வெள்ளையம்மா, "என்னாடி, வயித்துல புள்ள வந்ததும் கண்ணு மேல ஏறிடுச்சா?" என்று கேட்டாள். "ஆமாக்கா, ஏறிடுச்சு" என்று சொல்லிச் சிரித்துவைத்தாள் இருளாயி.

3

தெரியவந்தது காத்தாயியால்.

ஒருநாள் அந்தியில் பழனியாண்டி குளித்துவிட்டு ஈரத் துண்டோடு வாசலுக்கு வந்தான். உள்ளே இருளாயி காம்பராவின் நடுவில் நின்றுகொண்டு, "காத்தாயி... ஏ காத்தாயி, எங்க இருக்க?" என்று கூப்பிட்டாள். பிள்ளை அவளுக்கு நேர் எதிரே, கை எட்டுகிற தூரத்தில் நின்றது. ஏதோ விளையாட்டு என்று நினைத்து, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பை அடக்கியது. இருளாயி குனிந்து காற்றைத் துழாவினாள். கை பிள்ளையின் தலைக்கு மேலாகப் போய் வந்தது.

"ஆத்தாகிட்ட வா தாயி. பயமா இருக்குடி."

பழனியாண்டி உள்ளே வந்து பிள்ளையைத் தூக்கி அவள் கையில் வைத்தான்.

"எத்தன நாளா?"

"மாசமானதுக்கு அப்புறங்க."

"ஏன் சொல்லல?"

"சொன்னா பயப்படுவீங்க."

இந்த இடத்தில் முதல் பிரதியில் ஒரு பக்கம் அழுகை எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அவர்கள் அழவில்லை. மறுநாள் காலை ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டு முடிந்ததும் கங்காணியிடம் சொல்லிவிட்டு, டிஸ்பென்சரிக்குப் போனார்கள்.

4

மருந்துக்கார ஐயா அவசரக்காரர். ஆனால் பார்க்க வேண்டியதைப் பார்க்கிறவர். இருளாயியின் கண் இமையை விலக்கிப் பார்த்தார். யாரும் கேட்காமலேயே காத்தாயியின் கண்ணையும் பார்த்தார்.

"என்ன சாப்பிடுற?"

"சோறுங்க."

"சோத்துக்கு?"

"கருவாடுங்க. மொளகா சம்பலுங்க. என்னைக்காவது ஒரு நாளைக்குப் பருப்புங்க."

"கீரை?"

இருளாயி புருஷனைப் பார்த்தாள். அவன் நிமிர்ந்து நின்று பதில் சொன்னான்.

"எங்க வீட்டுல கீர திங்கிறதில்லீங்க ஐயா. மூணு வேளையும் சோறுதாங்க."

அதை அவன் பெருமையாகத்தான் சொன்னான். மருந்துக்காரர் அலமாரியிலிருந்து மீனெண்ணெய்ப் போத்தலை எடுத்து வைத்தார்.

"இது மாலைக்கண். மீனெண்ணெய் தாறேன், இந்த நேரத்துல அவளுக்கு வயித்துல நிக்குமோ தெரியாது. ஈரல் கிடைச்சா குடு. கிடைக்காட்டி கீரை, தினமும். வெறும் சோறு வயித்தை நிரப்பும், கண்ணுக்குப் பத்தாது. இந்தச் சின்னவளுக்கும் கண்ணு காயத் தொடங்கியிருக்கு. இவளுக்கு விட்டுட்டீன்னா பகல்லயும் தெரியாமப் போகும்."

மீனெண்ணெய் இருளாயிக்கு நிற்கவில்லை. வாசனை பட்டாலே குமட்டிக்கொண்டு வந்தது. காத்தாயியும் வாயில் வாங்கித் துப்பியது. ஈரலுக்கு ஆடிமாதக் கிடாவெட்டு வரவேண்டும். மிச்சமிருந்தது கீரை.

5

(கதையை இங்கே நிறுத்தி, இந்த வீட்டில் கீரை ஏறாத காரணத்தைச் சொல்ல வேண்டும். முதலில் பழனியாண்டியை வெறும் முரடனாக எழுதினேன். முரடன் எழுதுவதற்கு வசதியானவன். அவனுக்குக் காரணம் தேவையில்லை. ஆனால் பிள்ளையைத் தூக்கித் தாய் கையில் வைத்தானே, அந்த ஆளுக்கு அது பொருந்தவில்லை.)

இருளாயி கஹவத்தைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். அங்கே தண்ணீர் ஓடும் கான் ஓரமெல்லாம் வல்லாரை படர்ந்து கிடக்கும். கொழுந்து நிறுத்துவிட்டு வருகிற பெண்கள் மடி நிறையப் பறித்துக்கொண்டு வருவார்கள். சாயங்காலம் லயம் முழுக்க ஒரே கீரை வாசம் வரும். யார் வீட்டில் பூண்டு தட்டிப் போட்டார்கள், யார் வீட்டில் போடவில்லை என்று மூக்காலேயே சொல்லிவிடலாம். சண்டை போட்ட வீட்டுக்கும் ஒரு கிண்ணம் போகும். கல்யாணமாகி இந்த ரப்பர்க் காட்டுக்கு வந்தபோது அவள் முதலில் தேடியது அதைத்தான். மரத்தடியெல்லாம் சுரண்டியால் வழித்துத் துடைத்து வைத்திருந்தார்கள். ஒரு புல்பூண்டு முளைக்க விடமாட்டார்கள். எங்கோ ஓடைக்கரையில் கொஞ்சம் பொன்னாங்காணி கண்டு, பறித்து வந்து ஆசையாகச் சுண்டினாள். பழனியாண்டி தட்டைப் பார்த்தான். எழுந்து வெளியே போய்விட்டான். பிறகு வந்து சொன்னான்:

"இந்த வீட்டுல கீர ஏறக்கூடாது. நாங்க கடல் தாண்டி வந்தது சோறு திங்க."

வேறெதற்கும் அவன் அவளை அதட்டியதில்லை. இது ஒன்றுதானே என்று அவளும் விட்டுவிட்டாள். சில சாயங்காலங்களில் மட்டும் கஹவத்தை வாசம் மூக்கில் வந்து நிற்கும். அடுப்பைக் கிளறிவிட்டு, புகை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

6

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பசாருக்கு இறங்கினார்கள். பழனியாண்டி கருவாடு வாங்க முன்கடையில் நின்றான். கடைக்காரர் மாவனல்லைக்காரர், அவர் மனைவி ஸபியா பின்கட்டில் இருப்பார். தோட்டத்துப் பெண்களைத் தண்ணீர் குடிக்க உள்ளே கூப்பிடுகிறவர்.

இருளாயி வாசலைத் தாண்டியதும் நின்றுவிட்டாள். அந்த வாசம்.

"என்ன புள்ள அப்பிடிப் பாக்குற?" என்றார் ஸபியா. அவர் பச்சை இலையை மயிரிழையாக அரிந்து, தேங்காய்ப்பூ போட்டுச் சட்டியில் பிரட்டிக்கொண்டிருந்தார். "மல்லுங். சிங்களப் பொண்டுகள்கிட்டப் பழகினது. இந்தா, இரி. கொஞ்சம் தின்னு பாரு."

இருளாயி குந்தி, ஒரு வாய் வைத்தாள். கொடுத்தது முழுக்கப் போனது. ஸபியா சோறும் வைத்தார், அதுவும் போனது. பக்கத்தில் காத்தாயி தானாகவே சட்டிக்குள் கையை விட்டது.

"மெல்ல தின்னுங்கோ, யாரும் பறிக்க மாட்டாங்க" என்று சொன்ன ஸபியா, அவள் கன்னம் நனைந்ததைக் கண்டு திரும்பி இலை அரியத் தொடங்கினார். போகும்போது, கொல்லையில் பறித்த வல்லாரையைக் கட்டி மடியில் வைத்தார். "முடிஞ்சா வா. ஊட்டுக்குப் பின்னால நெறய ஈக்கி, வேணுங்கிற அளவு பறிச்சிக்கோ."

மடியில் என்ன இருக்கிறது என்று வழியில் பழனியாண்டி கேட்கவில்லை. வாசம் காட்டிக்கொடுத்திருக்கும்.

7

காம்பராவுக்கு வந்ததும் இருளாயி கீரைக் கட்டை எடுத்து நடுவில் வைத்தாள். மறைக்கவில்லை. இன்னும் வெளிச்சம் இருந்தது. அவன் முகம் அவளுக்குத் தெரிந்தது.

"ஆக்கப் போறேங்க. வெளியில எறியிறதுன்னா இப்பவே எறிஞ்சிருங்க."

(ஒரு பிரதியில் எறிந்தான். இன்னொன்றில் "மல்லுங்தாங்க, கீரை இல்ல" என்று அவள் பெயரை மாற்றி ஏமாற்றினாள். அது நகைச்சுவையாக வந்தது, எனக்குப் பிடித்தும் இருந்தது. இரண்டையும் விட்டேன். அவள் ஏமாற்ற விரும்பவில்லை.)

பழனியாண்டி கதவுக்கு முதுகைக் கொடுத்துக் குந்தினான். தரையைப் பார்த்துப் பேசினான்.

"எனக்கு ஒரு தங்கச்சி இருந்துச்சு. உனக்குச் சொன்னதில்ல. ஊர்ல மழ இல்லாத வருசம். அரிசிய கண்ணால பாக்கல. காட்டுல மேட்டுல கெடந்த தழையெல்லாம் ஆத்தா பறிச்சி வேகவெச்சிக் குடுக்கும். உப்பு கூட இல்ல. அது தின்னுட்டே இருக்கும், அழுதுட்டே இருக்கும். செத்தப்ப வாயெல்லாம் பச்சையா இருந்துச்சு. கழுவிவிடக் கூட ஆத்தாவுக்கு எந்திரிக்க முடியல. நான்தான் தொடச்சேன்." தரையை விரலால் கீறினான். "காத்தாயி ஒசரம்தான் இருக்கும்."

இருளாயி அவன் எதிரே வந்து உட்கார்ந்தாள். வயிறு இடித்தது, காலை நீட்டிக்கொண்டாள்.

"உங்க தங்கச்சி கீர தின்னு சாகலீங்க," என்றாள். "சோறு இல்லாம செத்துச்சு. கீர இருந்ததாலதான் அத்தன நாள் இருந்துச்சு."

அவள் கீரைக் கட்டை அவிழ்த்தாள்.

"நமக்குச் சோறு இருக்குங்க. நீங்க கொண்டாந்து கொட்டுறீங்க. கூட இத வெச்சிக்கிறேன். எனக்குப் புள்ள மூஞ்சி தெரியணும்."

அவன் எழுந்தான். அருவாமணையை எடுத்து அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, தேங்காயை உடைக்க வெளியே போனான்.

8

முடிவுகளைப் பற்றி.

இருளாயிக்குக் கண் திரும்பியது. அதில் உங்களைத் தவிக்கவிட எனக்கு மனமில்லை. ஒரேயடியாக அல்ல, ஒரு சாயங்காலம் அடுப்பின் விளிம்பு தெரிந்தது, இன்னொரு நாள் சுவரில் தொங்கிய துண்டு, பிறகு குழாயடியில் வெள்ளையம்மா கை காட்டியது. அன்றைக்கு வெள்ளையம்மாவிடம் போய் முழுக்கதையும் சொன்னாள். "அட பாவி மக, மொதல்லயே சொல்றதுக்கென்ன" என்று அவள் திட்டினாள். காத்தாயியின் கண்ணும் தெளிந்தது. பிள்ளை ஆணாகப் பிறந்தது. லயத்துக்குப் பின்னால், கங்காணி கண்டும் காணாமல் விட்ட ஒரு துண்டு ஈர நிலத்தில் வல்லாரை படர்ந்தது. வேலி கட்டியது பழனியாண்டி.

எழுத முடியாமல் நிற்பது ஒன்றுதான். அவன் அதைச் சாப்பிட்டானா?

சாப்பிட்டான் என்று எழுதினேன். சுவரில் ஒட்டிய படம் மாதிரி ஆகிவிட்டது. சாகும்வரை தொடவில்லை என்று எழுதினேன். அது அவனைத் தண்டிக்கிற மாதிரி இருந்தது. ஆகவே அந்த முதல் சாயங்காலத்திலேயே, சாப்பாட்டு நேரத்தில், எல்லோரையும் விட்டுவைத்திருக்கிறேன்.

இருளாயி சுவரோரம் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். பழனியாண்டி எதிரே இருக்கிறான். அவனுக்குச் சோறும் கருவாடும். அவன் அவள் தட்டைப் பார்க்காமல் சாப்பிடுகிறான். காத்தாயி எழுந்து அவனிடம் வருகிறது. உதட்டிலும் பல்லிலும் மோவாயிலும் பச்சை. அவன் பார்த்துவிட்டான். கை தட்டில் நின்றுவிட்டது. ஆனால் அந்த வாய் சிரிக்கிறது, மெல்லுகிறது, இன்னும் வேண்டும் என்கிறது. சின்ன விரல்களுக்குள் பிதுங்கும் ஒரு உருண்டையை அவன் உதட்டருகே நீட்டி,

"அப்பா, ஆ காட்டு"

என்கிறது.

இருளாயிக்கு இருட்டிவிட்டது. அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு இருக்கிறாள். அவளுக்கு நான் சொல்லப்போவதில்லை. நீங்கள் பக்கத்தில்தான் இருக்கிறீர்கள், உங்களுக்குக் கண் தெரிகிறது. பார்த்து நீங்களே அவளுக்குச் சொல்லுங்கள்.