பறவை, விலங்குச் சத்தங்கள்

பத்து வருட இழுபறிக்குப் பிறகு எங்கள் வீடியோ கேம் வெளிவந்த அன்று, கேம் கம்பெனியின் முருகானந்தம் சென்னையிலிருந்து போன் செய்து வாழ்த்துச் சொன்னான். அவனைச் செருப்பால் அடிக்க வேண்டும் போலிருந்தது எனக்கு. நடுவில் கடல் கிடந்ததால் தப்பித்தான்.

எங்கள் கேம் என்று சொல்வதே தப்பு. நான் உருவாக்கிக் கொடுத்ததன் பெயர் 'கட்சால்', நிக்கோபாரில் நாங்கள் இருந்த தீவின் பெயர். ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் ஒரு அம்மா, ஒரு மகள். மகளாக நாம் நடக்கலாம், பால் வெட்டலாம், ஜெட்டித் துறைக்குப் போய்க் கப்பல் வருகிறதா என்று பார்க்கலாம். சுனாமிக்கு முந்தைய கட்சாலில் ஒரு நாள், அவ்வளவுதான். வெளிவந்ததன் பெயர் 'சாபத் தீவு'. அதில் துப்பாக்கி இருக்கிறது, பேய் இருக்கிறது, ரப்பர் மரத்தில் பாலுக்குப் பதில் ரத்தம் வடிகிறது. உரிமையைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டதால் நான் வாயைத் திறக்க முடியாது.

அந்தக் கண்றாவியைக்கூடச் சகித்துக்கொண்டிருப்பேன். அம்மாவின் குரலில் கைவைத்ததைத்தான் மன்னிக்க முடியவில்லை.

கேமில் வரும் அம்மாவுக்குக் குரல் கொடுத்தவள் என் அம்மா விசாலாட்சி. சின்னப் பிள்ளையாக இலங்கையிலிருந்து வந்து, கட்சால் தோட்டத்தில் என் அப்பாவோடு பால் வெட்டியவள். அலை எங்கள் லயத்தை வாரிக்கொண்டு போனபிறகு போர்ட் பிளேர் பக்கம் புரோத்ராபூருக்கு வந்து சேர்ந்தோம். அவள் பேச்சில் மலைநாட்டுத் தமிழும் தீவு இந்தியும் சரிபாதி இருக்கும். யாராவது போனைத் தூக்கிப் படம் பிடித்தால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள். கல்யாண வீடியோக்களில்கூட அவள் தலையாட்டுவது மட்டும்தான் இருக்கிறது. ஆனால் கேமுக்கு என்றதும் அதை ஒரு வேலையாக எடுத்துக்கொண்டாள். ஃபேனை நிறுத்தி, ஜன்னலில் மெத்தையைச் சாத்தி, வேர்த்து ஒழுக உட்கார்ந்து பேசினாள். "ஏ புள்ள, கத்திய எடுத்துக்கிட்டு ஜல்தி வா. கங்காணி சில்லாயிங்கும் முன்னே போயிரணும்." கங்காணி கத்துவதற்கு முன் என்பதை அப்படித்தான் சொல்வாள்.

அப்போது தீவுக்குக் கடலடி இணையக் கேபிள் வரவில்லை. சாட்டிலைட் இணையத்தில் ஒரு படம் போவதற்குள் மழை வந்து எல்லாம் நின்றுவிடும். அதனால் தீவில் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். ஏர்போர்ட்டில் சென்னைக்குப் போகிற வரிசையில் நல்ல முகமாகப் பார்த்து ஹார்ட் டிஸ்க்கைக் கையில் கொடுத்தேன். அங்கே ஆள் வந்து வாங்கிக்கொள்வார்கள். எங்களுக்கு மருந்தும் மார்க் ஷீட்டும் கல்யாணப் பத்திரிகையும் இப்படித்தான் போய்வரும். முன்பின் தெரியாத பயணி ஒருவர் அந்த டிஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டுபோய்ப் பத்திரமாகச் சேர்த்தார். ஏசி அறையில் உட்கார்ந்திருந்தவர்கள் அதைத் தொலைத்தார்கள்.

கம்பெனி இரண்டு முறை கைமாறியது. வந்தவனெல்லாம் பழையதைக் கலைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தான். அதற்குள் என்னிடமிருந்த பிரதி ஈரக்காற்றில் பூஞ்சை பிடித்துச் செத்தது. சென்னையில்தான் ஒன்று இருக்கிறதே என்று நம்பிக்கொண்டிருந்தேன். போன வருடம் அம்மா போய்விட்டாள்.

அதன்பிறகு அப்பா கண்ணையா என்னிடம் கேட்டது ஒன்றுதான். "எப்படா வரும்? ஒங்கம்மா அதுல பேசுறாள்ல?" கேம் என்றால் வெட்டி வேலை என்று திட்டிக்கொண்டிருந்த மனுஷர் அவர்.

வெளிவந்த அன்று குளித்து, கோயிலுக்குப் போகிற சட்டையைப் போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். லயம் வந்தது. அடுப்படியிலிருந்து அம்மா வெளியே வந்தாள். "மகளே, வெளியே செல்லாதே. தீமை நெருங்குகிறது" என்றாள், டிவி சீரியல் மாமியாரின் குரலில்.

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். "யாருடா இந்தப் பொம்பள?"

வாசலுக்குப் போய் முருகானந்தத்தைக் கூப்பிட்டேன்.

"சார், அந்த ஆடியோல பாதி இந்தி. டெஸ்டிங்ல கேட்டவங்க இது தமிழே இல்லன்னுட்டாங்க" என்றான்.

"ஒரிஜினல் எங்க?"

"பழைய டீம் போயிட்டாங்க சார். சர்வர் மாத்துறப்ப கிளீன் பண்ணியிருப்பாங்க."

கிளீன் பண்ணியிருக்கிறார்கள். என் அம்மா ஒட்டடையா, துடைத்துப் போட? கேட்டேன். இன்னும் கேட்கக்கூடாத சிலதையும் கேட்டேன். பக்கத்து வீட்டு மண்டல்தா எட்டிப்பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். போனை வைத்துவிட்டு உள்ளே போகத் திரும்பினேன்.

அப்போதுதான் உள்ளேயிருந்து கேட்டது.

"பா... பா... பா... ஆஜா, ஆஜா ரே. தானா காலே."

உள்ளே ஓடினேன். அப்பா பேய்க்குப் பயந்து, கதையை விட்டுவிட்டு லயத்தின் பின்பக்கம் போயிருந்தார். அங்கே கோழிகள். ஒரு பட்டனை அழுத்தினால் தீனி விழும், கூப்பிடும் குரல் வரும், கோழிகள் ஓடிவரும். அது அம்மாவின் குரல்.

எங்கள் வீட்டுக் கோழிகள் இந்தி பேசும் மண்டல்தா வீட்டில் வாங்கியவை. "அதுகளுக்குத் தமிழ் தெரியாதுடா" என்று அம்மா இந்தியில்தான் 'வா, வந்து தீனி தின்னு' எனக் கூப்பிடுவாள். கோழிகள் கொக்கரிப்பதைப் பதிவு செய்தபோது அவள் கூப்பிட்டதும் சேர்ந்து விழுந்தது. அதை 'பறவை, விலங்குச் சத்தங்கள்' என்ற ஃபோல்டரில் போட்டு வைத்தேன். வசனத்தையெல்லாம் தேடித்தேடி அழித்தவர்கள் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. என் அம்மாவைக் கோழிக் கணக்கில் சேர்த்து விட்டுவைத்திருந்தார்கள். எனக்குச் சந்தோஷமும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

அன்றிலிருந்து அப்பாவுக்கு அதுதான் வேலை. காலையில் டீயோடு உட்காருவார். கேமைத் திறந்து, அந்தச் சீரியல்காரி பேசி முடிப்பதற்குள் பின்பக்கம் போய்விடுவார். தீனி போடுவார். பேய் வந்து அவரைக் கொல்லும். "சனியன்" என்று திட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

மறுவாரம் முருகானந்தம் கூப்பிட்டான்.

"சார், போர்ட் பிளேர் பக்கம் ஒரு பிளேயர் பேக்யார்டுலயே மாட்டிக்கிட்டிருக்கார். தினம் அதே கோழி, அதே தீனி. ஏதோ பக் போல. அப்புறம் அந்தச் சத்தத்துல யாரோ ஒரு லேடி இந்தில கத்துறாங்க. அதையும் எடுத்துட்டோம்."

"அது எங்கம்மா. அந்தப் பிளேயர் எங்கப்பா" என்றேன்.

"சாரி சார். தெரியாது. ஆனா அப்டேட் போயிடுச்சே. நெட் இருந்தா தானா இறங்கிடும்."

அறைக்குள் பாய்ந்தேன். திரையின் மூலையில் 'அப்டேட் தயாராகிறது' என்று இருந்தது. சுவரில் இருந்த இணையப் பெட்டியை ஆணியோடு பிடுங்கினேன். இழுத்த வேகத்தில் வயர் அறுந்து கையோடு வந்தது. இந்தக் கேபிளுக்காக இந்தத் தீவே வருடக்கணக்கில் தவம் கிடந்தது. வந்த அன்று லட்டு கொடுத்தவன் நான்.

திரையில் இருந்த எழுத்து மறைந்தது. அப்பா அண்ணாந்து பார்த்தார்.

"நெட்டு போச்சா?"

"போச்சுப்பா. இனிமே இந்தக் கம்ப்யூட்டருக்கு வேணாம்."

"போவட்டும்" என்று பட்டனை அழுத்தினார்.

"ஆஜா, ஆஜா ரே" என்று அம்மா கூப்பிட்டாள். என் இன்னொரு கையில் போன் இருந்தது. முருகானந்தம் அதில் இன்னமும் சார், சார் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.